கொப்பியில் இல்லாதது வரும்போது

வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்தின் முக்கிய பகுதி இது:

"அக்கா, நான் முன்பள்ளி ஆசிரியை. கணவருக்கு மேசன் வேலை, இரண்டு ஏக்கர் வயலும் செய்கிறார். மகள் இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறாள். நான் எதையும் கொப்பியில் எழுதி வைத்துச் செய்கிறவள். காலபோகம் வெட்டி நெல் விற்றதும் வீட்டுக்கு உள்பூச்சு, பின்னறைக்குக் கதவு, மகளுக்குப் படிக்க மேசை என்று இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தை மாதம் கணவரின் பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கணவரைச் சின்ன வயதில் வளர்த்தவ, சொந்தப் பிள்ளைகள் இல்லை. வைத்தியசாலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கடவுள் அனுப்பினவ, வைச்சுப் பார்ப்பம்' என்றார். பூச்சுக்கு வைத்திருந்த காசு மருந்துக்கும் ஓட்டோவுக்கும் போய்விட்டது. மகள் படிக்கிற அறையில் இப்போது மாமி படுத்திருக்கிறா. செபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, 'நீ கொப்பியை நம்பினாய், அதுதான் ஆண்டவர் உடைச்சுக் காட்டினார்' என்று சொன்னா. அன்றிரவு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். 2009-இல், கடைசி யுத்த நேரம், எனக்கு 15 வயது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இடம் மாறின ஒவ்வொரு முறையும் என்ன எடுத்தோம், என்ன விட்டோம் என்று அப்பா ஒரு கொப்பியில் எழுதுவார். மாத்தளனில் அப்பா போனதோடு அந்தக் கொப்பியும் போனது. அக்கா, திட்டம் போடுவது விசுவாசக் குறைவா? எதிர்பாராமல் வருவதெல்லாம் கடவுளின் சித்தமா? மாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இருக்கிற மாதிரியும் இருக்கிறது."

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பாவின் கொப்பியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எல்லாம் கை நழுவிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், ஒரு மனிதர் பங்கருக்குள் குந்தியிருந்து, பானை இரண்டு, தறப்பாள் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று எழுதியிருக்கிறார். அவர் கணக்குப் பார்த்தது பொருளுக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாளைக்கும் நாங்கள் இருப்போம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் கொப்பி எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாரும் சொன்னாலும் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உளவளத்துணை வேலையில் நான் இருக்கும் இந்த வருடங்களில் எங்கள் பகுதியில் இரண்டு விதமான ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு விதம், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாசல் பக்கத்திலேயே வைத்திருப்பவர்கள். மற்ற விதம், "கட்டினதெல்லாம் போச்சு, இனி என்னத்தைத் திட்டம் போடுறது, வாறது வரட்டும்" என்பவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள், பல சமயம் கணவனும் மனைவியுமாக. ஒருவரை மற்றவர் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். ஆனால் இரண்டும் ஒரே காயத்திலிருந்து வந்தவைதான். உங்கள் கணவரை நான் சந்தித்ததில்லை. இருந்தாலும் அவர் மேசன். கட்டின சுவர் இடிந்து கிடப்பதைப் பார்த்த மேசன், "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும்போது அதில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு களைப்பு என்று அவரிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். லூக்கா நற்செய்தியில் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் இரண்டு கோபுரங்கள் வருகின்றன. 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கக் காசு காணுமா என்று கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிறார். சீடராக இருப்பதன் விலையைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார். ஆனாலும் அதற்கு உவமையாக எடுத்தது கணக்குப் பார்க்கிற ஆளைத்தான், கணக்குப் பார்ப்பதை அவர் அங்கே குறைவாகச் சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் இன்னொரு கோபுரம். சீலோவாமில் அது விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார்.

உங்கள் செபக்கூட்டத்தில் அந்தச் சகோதரி சொன்னதை இந்த இரண்டாவது கோபுரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீ கொப்பியை நம்பினாய், அதனால் ஆண்டவர் உடைத்தார் என்றால், ஒரு வயோதிபப் பெண்ணின் மூளைக்கு இரத்தம் போகாமல் நின்றது உங்களுக்குப் பாடம் படிப்பிக்கவா? அப்படியானால் மாத்தளன் யாருக்குப் பாடம்? இந்தப் பேச்சை வன்னி மண்ணில் யாரும் பேசக் கூடாது என்று எனக்குக் கடுமையான எண்ணம் இருக்கிறது. அவ நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பா. ஆனால் அது பிழை. எதிர்பாராமல் வருவதெல்லாம் கடவுளின் சித்தமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. செல்லடி கடவுளின் குரல் இல்லை. பாரிசவாதமும் அப்படித்தான். ஆனால் அது வந்த பிறகு, வந்த இடத்தில், நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பதில் அவர் எங்களோடு இருக்கிறார். கட்டிலில் கிடக்கும் மாமி கடவுள் அனுப்பிய தண்டனை இல்லை. அவவைப் பராமரிக்கச் சொல்லி வரும் அழைப்பு கடவுளிடமிருந்து வரலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் உங்களுக்கு வந்த மாதிரிக் கோபமும் குற்றவுணர்வும் மாறி மாறி வரும்.

யாக்கோபின் திருமுகத்தை அந்தக் கூட்டத்தில் வாசித்தார்களோ தெரியாது, அனேகமாக வாசித்திருப்பார்கள். நான்காம் அதிகாரத்தில், இன்ன நகரத்துக்குப் போய் ஒரு வருடம் தங்கி வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். ஆண்டவர் விரும்பினால் நாங்கள் உயிரோடிருந்து இன்னின்னது செய்வோம் என்று சொல்லச் சொல்கிறார். அந்த "இன்னின்னது செய்வோம்" என்ற பகுதி வசனத்தில் அப்படியே இருக்கிறது, பாருங்கள். வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நாளைய தினம் தங்கள் கைக்குள் என்று நினைத்த பெருமையைத்தான் விடச் சொல்கிறார். உங்கள் கடிதத்தில் அந்தப் பெருமையை நான் காணவில்லை. பயத்தைக் கண்டேன். பயத்துக்கு இயேசு சொன்னது வேறு: நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டாம் என்றார், கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கொப்பியை எழுதி மூடின பிறகு நித்திரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது திட்டம். மூடின பிறகும் இரவு இரண்டு மணிக்கு அதே கணக்கு மனதுக்குள் ஓடினால், அதற்கு மருந்து கொப்பியில் கிடையாது. செபத்திலும், யாரிடமாவது மனம் விட்டுக் கதைப்பதிலும்தான் தேட வேண்டும்.

உங்களுக்கு இரணைமடுக் குளம் தூரம் இல்லை. அணைக்கட்டில் நின்று பார்த்திருப்பீர்கள். கட்டு இருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் விடத் துருசு இருக்கிறது, கூடவே மிஞ்சின தண்ணீர் வழிந்தோட வான் இருக்கிறது. வான் இல்லாத குளம் நல்ல மழையில் உடையும். 2018 டிசம்பரில் கனகராயன் ஆறு கொண்டுவந்த தண்ணீருக்கு வான்கதவுகளைத் திறந்த நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் சொல்ல வருவது, அந்த வானும் திட்டத்தில் இருந்ததுதான். குளம் கட்டின ஆட்கள், நாங்கள் கணக்குப் போட்டதைவிடக் கூட வரும் ஒரு நாள் உண்டு என்பதைக் கணக்கிலேயே சேர்த்தார்கள். உங்கள் கொப்பியில் கட்டும் துருசும் வடிவாக இருக்கின்றன. வான் மட்டும் இல்லை.

மாரிக்குப் பிறகு விதைக்கும் சிறுபோகத்துக்கான விவசாயிகள் கூட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். மாரி முடிந்து குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்த வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், தண்ணீர் எப்போது நிற்பாட்டப்படும் என்று தீர்மானிக்கிறார்கள். போன வருடம் இவ்வளவு விதைத்தோம், ஆகவே இந்த வருடமும் அவ்வளவு என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் குளம் கேட்காது. தண்ணீர் குறைந்த வருடம் அரைவாசிப் பேருக்குத்தான் பங்கு என்றால் அதற்காக வயல் செய்வதையே விட்டுவிடுவதும் இல்லை. வன்னி விவசாயிக்கு இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பக்குவம் இல்லை.

திருச்சபையிலும் இப்படி வான் வைத்துத் திட்டம் போட்டவர்கள் இருந்தார்கள். 1534 ஆகஸ்ட் 15, நாங்கள் மடுத் திருவிழாவுக்குக் கூடும் அதே நாளில், பாரிசில், பிறகு இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரும் அவருடைய ஆறு தோழர்களும் எருசலேமுக்குப் போவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வாக்கிலேயே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: வெனிசில் ஒரு வருடம் காத்திருப்போம், போக முடியாவிட்டால் உரோமைக்குப் போய்த் திருத்தந்தையிடம் எங்களை ஒப்படைப்போம். 1537-இல் வெனிசுக்கும் துருக்கியருக்கும் இடையில் போர் வந்தது, யாத்திரைக் கப்பல் புறப்படவில்லை. காத்திருந்தார்கள், பிறகு உரோமைக்குப் போனார்கள். இயேசு சபை 1540-இல் அங்கீகரிக்கப்பட்டது. எருசலேம் தவறிப்போனதில் அவர்களுக்குத் துக்கம் இருந்திருக்கும். ஆனால் அந்தத் துக்கத்தில் அவர்கள் சிதறிப் போகவில்லை, அடுத்த அடி எங்கே என்று முன்னமே தெரிந்திருந்தது. அதே இஞ்ஞாசியார் இன்னொன்றும் சொல்லி வைத்தார். மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. நீங்கள் பக்கத்தைக் கிழித்தது அப்படியான ஓர் இரவில்தான். கிழித்த பக்கம் இன்னும் வீட்டில் இருந்தால் எடுத்து ஒட்டுங்கள்.

இப்போது உங்கள் கணவரைப் பற்றி. அவர் செய்த காரியத்தில் அன்பு இருக்கிறது, அதை நான் குறைக்கப் போவதில்லை. வளர்த்த தாயை வாட்டில் விட்டுவிட்டு வர மனம் வராத மனிதர் அவர். ஆனால் உங்களிடம் கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தது சரியில்லை. "கடவுள் அனுப்பினவ" என்று சொல்லிவிட்டால் மனைவியிடம் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிடக் கூடாது. ஏனென்றால் மாமியின் உடுப்பை மாற்றுவதும், கஞ்சி ஊட்டுவதும், இரவில் எழும்புவதும் யார்? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது. உங்களுக்குள் இருக்கும் கோபம் மாமி மேல் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். உண்மைதான். உங்களைக் கேட்காமல் உங்கள் கையை ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் பாவம் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் கொப்பி மேல் காட்டியதுதான் பிழையாகிப்போனது.

பவுல் ஒரு தடவை கொரிந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தச் சபையில், இவர் சொல் நிலையில்லாதவர் என்று கதை வந்தது. பவுல் என்ன செய்தார்? தூய ஆவி அப்படி நடத்தினார், போங்கள் என்று ஒரு வரியில் முடிக்கவில்லை. இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் உட்கார்ந்து விளக்கம் எழுதுகிறார்: இப்படி வர நினைத்தேன், இதனால் வரவில்லை, உங்களை நோகடிக்கக் கூடாது என்றுதான். திட்டத்தை மாற்ற ஒரு திருத்தூதருக்கும் உரிமை உண்டு, ஆனால் அந்தத் திட்டத்தில் பங்குள்ளவர்களுக்கு விளக்கம் சொல்லும் கடமையும் உண்டு. இந்தப் பகுதியை ஒரு ஞாயிறு பின்னேரம் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். குற்றம் சாட்டவென்று தொடங்காமல், "அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் இருவரும் கதைத்து முடிவெடுப்போம்" என்று கேளுங்கள். அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் மகள். கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அவளுடைய மேசை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு யாயிரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். 12 வயதுப் பிள்ளை சாகும் தறுவாயில் இருக்கிறாள். வழியில் 12 வருடமாக இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். அவசரமாகப் போகும் வழியில் நின்று, தொட்டது யார் என்று தேடி, அந்தப் பெண் சொல்வதை முழுக்கக் கேட்கிறார். பக்கத்தில் நின்ற யாயிருக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! எதிர்பாராததற்கு இடம் கொடுப்பது பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் அனேகமாக இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நின்ற பிறகு இயேசு திரும்பவும் நடந்தார். யாயிரின் வீட்டுக்குப் போனார், பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். வழியில் வந்தவளுக்காகப் புறப்பட்ட பயணத்தை அவர் கைவிடவில்லை.

உங்கள் வீட்டில் மாமி வழியில் வந்தவ. மகள் யாயிரின் பிள்ளை. உள்பூச்சு ஒரு வருடம் தள்ளிப் போகட்டும், சுவர் காத்திருக்கும். பரீட்சை காத்திருக்காது. மேசையும் ஒரு மின்குமிழும் இந்த வருடமே வேண்டும். அறை இல்லாவிட்டால் விறாந்தையின் ஒரு மூலை போதும். உங்கள் கணவர் மேசன், மிஞ்சின பலகையில் ஒரு மேசை தட்டிப் போட அவருக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இல்லாமல் போக மாட்டார். மாமி வந்ததால் தன் படிப்பு போனது என்று அந்தப் பிள்ளை மனதில் பதிந்தால், நாளைக்கு அவள் வீட்டுக்கு வரும் எந்த வயோதிபரையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பாள்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2018 வெள்ளத்துக்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி ஒழுங்கு செய்திருந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நேர அட்டவணை, வர்ணப் பேனைகள், 40 பேருக்கு மதியச் சாப்பாட்டுச் சாமான். வெள்ளம் வந்தது, அந்தப் பெண்கள் எல்லாரும் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள். அட்டவணையை மடித்து வைத்துவிட்டுச் சாமானோடு அங்கே போனேன். மூன்று நாள் வெங்காயம் உரித்தேன். உரித்துக்கொண்டு இருந்தபோது அந்தப் பெண்கள் சொன்னவற்றை எந்தப் பயிற்சியிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை நான் யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அட்டவணையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சாமானைக் கணக்குப் பார்த்து முன்னமே வாங்கி வைக்காமல் இருந்திருந்தால், நான் வெறும் கையோடுதான் அந்த வாசலில் நின்றிருப்பேன்.

ஆகவே கொப்பியை எழுதுங்கள், ஆனால் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள். வலது பக்கத்தில் வழக்கம்போல உங்கள் திட்டம். இடது பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஒவ்வொரு இரவும் கொப்பியை மூட முன், வலது பக்கத்தில் இல்லாமல் அன்றைக்கு வந்த ஒன்றை இடது பக்கத்தில் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ. அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள். காசிலும் ஒரு வான் வையுங்கள். யோசேப்பு எகிப்தில் விளைச்சல் நல்லாயிருந்த ஏழு வருடமும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார். உங்களால் அவ்வளவு முடியாது, எனக்கும் தெரியும். நெல் விற்ற காசில் ஒரு சிறு தொகையை எந்தத் தலைப்பின் கீழும் எழுதாமல் விடுங்கள். அது யாருக்கு என்று வரும்போது தெரியும்.

மாமியின் காரியத்தை நீங்கள் இருவர் மட்டும் சுமக்க வேண்டாம். கணவரின் தம்பி வவுனியாவிலும் தங்கச்சி பிரான்சிலும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாமி அவர்களுக்கும் பெரியம்மாதான். மாதம் எவ்வளவு செலவு என்பதை எழுதுவது உங்களுக்குக் கைவந்த வேலை. எழுதி, கணவரைக் கொண்டே இருவருக்கும் அனுப்புங்கள். மாமிக்கு 71 வயது என்கிறீர்கள். முதியோர் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று கிராம சேவையாளரிடம் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் ஒருமுறை பாருங்கள். கிழமையில் ஒரு பின்னேரமாவது பங்குக் கோவிலிலிருந்து யாராவது வந்து மாமியோடு இருக்கட்டும். உங்களுக்குத் தீர்ப்புச் சொன்ன அந்தச் சகோதரியையே கேட்டுப் பாருங்கள். வந்து இரண்டு மணித்தியாலம் கட்டில் அருகே இருந்தால் அவவுக்கும் கதை வேறு மாதிரித் தெரியும்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். பாரிசவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் கை கால் அசைவு கூடுதலாகத் திரும்பும். பிசியோதெரபி கிளினிக்குக்கு மாமியைக் கொண்டு போகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. வைத்தியசாலையில் தந்த துண்டை எடுத்துப் பாருங்கள், அடுத்த கிளினிக் திகதி அதில் இருக்கும். இல்லாவிட்டால் நாளைக்கே போய்க் கேளுங்கள். அந்தத் திகதியைக் கொப்பியின் வலது பக்கத்தில், மகளின் பரீட்சைத் திகதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா